சிவப்பு விளக்கில் மட்டும்

மோர்னிங்சைட்டும் எல்ஸ்மியரும் சந்திக்கிற இடத்தில்
சிவப்பு விழுந்தால் என் கார் நடுங்கத் தொடங்கும்.
ஸ்ரியரிங்கால் ஏறி முழங்கைக்கு வந்து
கடைவாய்ப் பல்லில் போய் நிற்கும்.
குழிக்குள் வைத்த தேத்தண்ணி
வட்டம் வட்டமாய்ச் சுருங்கும்.
நியூற்றலுக்குத் தள்ளினால் அடங்கிவிடும்,
பச்சைக்குத் திரும்ப டி.

மூன்று மாதம் இப்படியே போயிற்று.
நாளைக்கு ஆறு வீடு எனக்கு,
குளிக்கவார்த்து உடுப்பு மாற்றவேண்டிய ஆறு உடம்பு.
இடையில் எத்தனை சிவப்பென்று ஒருநாள் எண்ணினேன்:
நாற்பத்தொன்று.
கியர்த் தடியில் டி எழுத்துப் பாதி தேய்ந்துவிட்டது.

பார்ப்பதற்கு மட்டும் நூற்றி நாற்பது
என்றான் கராஜ்காரன்.
நானே பார்த்தேன்.
பிளக் நாலும் மாற்றினேன்.
திறொட்டில் வாயில் படிந்த கரியை
ஸ்பிறே அடித்துத் தேய்த்ததில்
நல்ல பல்பிரஷ் ஒன்று போயிற்று.
நடுக்கம் அப்படியே.

பிறகுதான், திருமதி கொவால்ஸ்கியின் காலுக்குச்
சொக்ஸ் போட்டுக்கொண்டிருக்கையில் யோசித்தேன்.
படுத்திருக்கையில் நோகாத முழங்கால்,
ஊன்றினால் உயிர்போகிற முழங்கால்.
பிளக் பிழையென்றால் நியூற்றலிலும் நடுங்கியிருக்குமே.
இது பாரம் ஏறினால் மட்டும் வாய் திறக்கிற நோ.

அதைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் பிரேக்கை அடிவரை மிதித்துக்கொண்டு
டி, ஆர், டி என மாற்ற
மற்றவர் பொனற்றுக்குள் பார்க்க வேண்டும்.
வீட்டில் இருந்தது ஒரே ஆள்:
பேஸ்மென்றில் இருக்கும் கஜரூபன்,
இரண்டு மாத வாடகை பாக்கி.

மைனஸ் பதினாலு.
சாறத்துக்கு மேல் ஜாக்கெற்றோடு வந்தான்.
"பிரேக்கில காலை எடுத்திடாதை" என்றேன்.
"அக்கா, நேர முன்னால நிக்காதேங்கோ.
பக்கத்தால நில்லுங்கோ."
டிசம்பருக்குப் பிறகு
கதவில் ஒட்டாமல் வாயால் பேசியது அதுதான்.

டி. எஞ்சின் ஒரு தோளை உயர்த்தியது.
ஆர். மற்றத் தோளை.
கட்டில் கம்பியைப் பிடித்து
நான் வருமுன்னர் எழும்பிவிடப் பார்க்கும் கிழவரைப் போல.
ரோச் அடித்தேன்.
பயணி பக்கத்து மவுண்ட்,
ரப்பர் பிளந்து
உள்ளிருந்த எண்ணெய் கறுப்பாய் வழிந்து காய்ந்திருந்தது.

எஞ்சினில் ஒரு குற்றமும் இல்லை.
அது எப்போதும் கொஞ்சம் ஆடத்தான் ஆடும்.
ஆட்டத்தை வாங்கி விழுங்கவேண்டிய ரப்பர்
வேலையை விட்டுப் போயிருந்தது,
சொல்லாமல்.

வரியோடு எண்பத்தெட்டு டொலர்.
எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே பலகை,
பலகைக்குக் கீழே ஜாக்,
ஒரு விரல் உயரம், போதும்.
இரண்டு போல்ட் மரியாதையாய்க் கழன்றன.
மூன்றாவது, தெருவுக்குப் போட்ட உப்பெல்லாம் தின்று
சபதம் எடுத்த மாதிரி இருந்தது.
கஜரூபன் கீழே போய்
எங்கிருந்தோ ஓர் இரும்புக் குழாய் கொண்டுவந்து
சொக்கெற் தடியில் செருகினான்.
வீட்டுக்காரியும் கடன்காரனும்
அதில் சேர்ந்து தொங்கினோம்.
டக்.
முறிந்ததென்று நினைத்தேன்.
முறியவில்லை.

மறுநாள் படிக்கட்டுக் கதவில் துண்டு:
"கூலி எண்பது. வாடகையில் கழிக்கவும்."
கீழே எழுதி ஒட்டினேன்:
"பிரேக் மிதித்ததுக்கு இருபது.
குழாய்க்கு முப்பது. மிச்சம் எப்ப?"
ஆறு நாளாகிறது. துண்டு அப்படியே இருக்கிறது.

இன்றைக்கு எல்ஸ்மியரில் சிவப்பு.
டியிலேயே நிற்கிறது கார்.
தேத்தண்ணியில் ஒரு வட்டமும் இல்லை.
ஹீற்றருக்குள் ஏதோ டிக்டிக் என்கிறது,
இதுவரை கேட்டதில்லை.
கை மட்டும் பழக்கத்தில் கியர்த் தடிக்குப் போய்
தொட்டு,
என்ன செய்வதென்று தெரியாமல்
ரேடியோவைத் திருகுகிறது.
பின்னால் ஒருவன் ஹோர்ன் அடிக்கிறான்.
பச்சை வந்திருக்க வேண்டும்.